ஊதியச் சட்டத்துக்கு உரைகண்ட நியாயவாதி

நியாயவாதி என்றதும் நம் மனக்கண் முன் தோன்றுபவர், கட்சிக்காரரிடம் கட்டணம் பெற்று அவர்பொருட்டு மன்றில் வாதாடுபவரே. அப்புக்காத்து, பிறக்கிராசி என்னும் பெயர்கள் நம் நாட்டில் வழங்கிய காலத்திலும் மக்கள் எண்ணம் இதுவே. எனினும், அரசாங்கத்தில் அமர்ந்து, தொழிலாளர்க்குரிய சட்டத்தை முதலாளிமார் மீறுமிடத்து வழக்குத் தொடுத்து நடத்தும் நியாயவாதிகளும் உளர். அவருள்ளும் பிற நியாயவாதிகளை மேற்பார்த்து நடத்துவோர் பணி தனித்தன்மை வாய்ந்தது. அப்பணியின் இயல்பை, ஐக்கிய அமெரிக்காவின் தொழில் திணைக்களத்தில் 1939 முதல் 1972 வரை கடமையாற்றிய பெஸி மார்கோலின் அம்மையாரின் தொண்டினை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

இளமையும் கல்வியும்

அம்மையார் 1909 இல் பிறந்தவர். இளமையிலேயே தாயை இழந்து, நியூ ஒர்லியன்ஸ் நகரிலுள்ள யூத அநாதை இல்லத்தில் வளர்ந்தார். அவ்வில்லத்துப் பிள்ளைகளின் கல்வியைக் கருதி நிறுவப்பெற்ற நியூமன் பாடசாலை அவருக்கு எழுத்தறிவித்தது. துலேன் பல்கலைக்கழகத்தில் 1930 இல் சட்டப் பட்டமும், யேல் பல்கலைக்கழகத்தில் 1933 இல் கலாநிதிப் பட்டமும் பெற்றார். பெண்கள் சட்டம் பயில்வதே அரிதாயிருந்த காலம் அது. ஆதரவற்ற குழந்தை ஒன்றின் கையில் நல்ல பாடசாலையொன்று கொடுக்கத்தக்க செல்வம் எத்துணைத்து என்பதற்கு இது சான்றாகும்.

சட்டமும் அதன் சுருக்கமும்

1938 இல் அமெரிக்காவில் நியாயமான தொழில் நியமச் சட்டம் நிறைவேறிற்று. மணிக்கு 25 சதத்துக்குக் குறைந்த கூலி கொடுத்தலாகாது. வரையறுத்த நேரத்துக்கு மேற்பட்ட வேலைக்கு ஒன்றரை மடங்கு ஊதியம் வேண்டும் என்பன அதன் அடிப்படை விதிகள். வாரத்துக்கு 44 மணி என முதலில் வகுத்த எல்லை பின்னர் 40 மணியாயிற்று.

விதி தெளிவானதே. ஆனால் ‘வேலை’ என்பது யாது? அதற்குச் சட்டம் வரைவிலக்கணம் கூறவில்லை. சூத்திரம் சுருங்கிய சொல்லால் அமைவது. அதன் பொருளை விரிப்பவர் உரையாசிரியர் என்பதைத் தமிழ் மாணவர் அறிவர். சட்டத்துக்கும் அவ்வாறே உரை வேண்டப்படுகின்றது. மன்றிலே உரை வகுப்பவர் நீதிபதி. அவ்வுரைக்கு வேண்டிய சான்றையும் நியாயத்தையும் கொண்டு சேர்ப்பவர் நியாயவாதி.

இரண்டு வழக்குகள்

1947 இல் இயற்றப்பட்ட மற்றொரு சட்டம், முதன்மையான வேலைக்கு முன்னும் பின்னும் நிகழும் செயல்களுக்கு, ஒப்பந்தமோ வழக்கமோ இல்லாதவிடத்து, ஊதியம் கொடுக்க வேண்டியதில்லை என விலக்கிற்று. அவ்விலக்கு எவ்வளவு தூரம் செல்லும்?

தெனசி மாநிலத்து நாஷ்வில் நகரில் பற்றரித் தொழிற்சாலையொன்று இருந்தது. ஆங்கு உழைத்தோர் ஈயத் தூசியிடையேயும் அமிலத்திடையேயும் நின்றனர். காலையிற் பழைய உடை மாற்றுதற்கு 10 நிமிடமும், மாலையிற் குளித்து உடை மாற்றுதற்கு 20 நிமிடமும் சென்றன. இந்த 30 நிமிடத்துக்குக் கூலி இல்லை. கிழமைக்கு ஐந்து நாள், ஆண்டுக்கு ஐம்பது கிழமை எனக் கணக்கிடின் 125 மணியாகும். அதாவது மூன்று கிழமை வேலைக்கும் அதிகம். குளியாது வீடு சென்றாலோ, ஆடையிற் படிந்த ஈயம் மனைவி மக்களுக்கும் நஞ்சாகும்.

மற்றொரு வழக்கு ஐடகோ மாநிலத்து இறைச்சிச் சாலையொன்றைப் பற்றியது. வேலை நேரத்துக்குப் புறம்பே கத்தி தீட்டியவர்க்கு அந்நேரத்துக்கு ஊதியம் இல்லை. மழுங்கிய கத்தியால் அங்கே வேலை ஓடுமா?

கீழ் மன்றங்களில் முதல் வழக்கைத் திணைக்களம் வென்றிருந்தது, இரண்டாவதைத் தோற்றிருந்தது. இரண்டையும் உச்ச நீதிமன்றத்தில் அம்மையாரே வாதித்தார். முதன்மையான வேலையோடு ஒன்றியதும் அதற்கு இன்றியமையாததுமான செயல் அவ்வேலையின் பகுதியே என மன்றம் 1956 சனவரி 30 ஆம் நாள் இரு வழக்கிலும் தீர்ப்பளித்தது. ‘ஒன்றியது’, ‘இன்றியமையாதது’ என்னும் இரண்டு சொற்களின் பொருளிலே அத்தொழிலாளரின் கூலி அடங்கிக் கிடந்தது.

மேற்பார்வையின் பொறுப்பு

மன்றில் வாதாடுதல் இப்பணியின் புறத்தோற்றமே. நாடெங்கணுமுள்ள பிரதேச அலுவலகங்களில் இளைய நியாயவாதிகள் வழக்கு நடத்துவர். தோற்ற வழக்குகளுள் எதனை மேன்முறையீட்டுக்கு எடுப்பது, எதனை விடுவது என ஆராய்தல் மேற்பார்வையாளர் கடன். வலியற்ற சான்றோடு மேல் மன்றம் சென்று தோற்பின், அத்தோல்வி ஒரு தொழிலாளியோடு நில்லாது; ஆயிரம் பேருக்கும் விதியாகிவிடும். விட்டுவிடின், அவ்வழக்குக்குரிய தொழிலாளி உழைத்த கூலியை இழந்து நிற்பான். இவ்விரண்டுக்கும் நடுவே நின்று முடிவு கூறுதல் எளிதன்று.

ஓர் ஊரில் ஒரு வாதமும் மற்றோர் ஊரில் அதற்கு மாறான வாதமும் எழாது காத்தலும் அவர் பொறுப்பே. அன்றியும், எதிர்த்தரப்பிலுள்ள முதலாளியும் அந்நாட்டுக் குடிமகனே. ஆதலின் சட்டம் இடங்கொடுக்கும் எல்லைக்கு அப்பால் அவரைத் துரத்துதல் அரசாங்க நியாயவாதிக்கு ஒவ்வாது.

1963 இல் சம ஊதியச் சட்டம் வந்தபின் அதன் வழக்குகளும் அம்மையார் மேற்பார்வைக்கு வந்தன. நியூ ஜேர்சி மாநிலத்துக் கண்ணாடிச் சாலையொன்றில் போத்தல் தெரிந்து அடுக்கும் ஆணுக்கு மணிக்கு 2.355 டொலர், பெண்ணுக்கு 2.14 டொலர். ஆண்கள் இடையிடையே வேறு வேலையும் செய்வர் என்பது நிருவாகத்தின் விடை. ஆனால் அவ்வேறு வேலையையே முழுநேரமாகச் செய்தவர்க்குக் கிடைத்தது 2.16 டொலர்தான்! பெண்ணின் கூலியினும் இரண்டு சதம் மிகுந்த வேலையைச் சிறிது நேரம் செய்வதால் இருபத்தொன்றரைச் சதம் உயர்வு எங்ஙனம் வரும்? வேலை முற்றிலும் ஒன்றாயிருத்தல் வேண்டா, பெரும்பான்மையும் சமமாயிருப்பின் போதும் என 1970 இல் மேன்முறையீட்டு மன்றம் தீர்த்தது.

பெயரில்லாத் தொண்டு

அம்மையார் உச்ச நீதிமன்றத்தில் 24 வழக்குகளை வாதித்து 21 இல் வென்றார். ஆயின் அவ்வழக்குகளின் தலைப்பில் அவர் பெயர் இல்லை. திணைக்களத் தலைவர் பெயராலேயே வழக்குத் தொடுப்பது முறை. ஆதலின் அவ்வப்போது பதவியிலிருந்தோர் பெயர்களே ஏடுகளில் நிற்கின்றன. நீதிபதிப் பதவியை அவர் நாடியும் அது கிட்டவில்லை. 1996 இல் அவர் மறைந்தார். உடை மாற்றும் நேரத்துக்குக் கூலி பெற்றவருட் பலர் அவரை அறிந்திருக்க மாட்டார்.

சட்டக் கல்வியை நாடும் நம் மாணவர் இதனைச் சிந்தித்தல் நன்று. வாதத் திறமைக்குப் புகழும் பொருளும் ஒரு பயன். கணக்கிற் சேராத அரைமணி நேரத்தைக் கணக்கிற் சேர்ப்பித்தல் மற்றொரு பயன். சொல்லின் பொருளை நுணுகிக் காணும் பயிற்சி இரண்டுக்கும் வேண்டும். அது இலக்கண வகுப்பிலேயே தொடங்குகின்றது என்பதையும் அவர் மறவாதிருப்பாராக.