கடைசி ஓவருக்கு என்ன விலை?

கேள்வி: கடைசி ஓவர்களுக்கு ஒரு நல்ல பந்துவீச்சாளர் கிடைத்தால், வளர்ந்துவரும் இளைஞனை விட்டுக்கொடுக்கலாமா?
– வாசகர், வல்வெட்டித்துறை

பதில்: கூடாது என்பேன். 1990 ஆகஸ்டில் அமெரிக்க பேஸ்போல் அணியான போஸ்டன் ரெட் சொக்ஸ், ஆட்டத்தின் பிற்பகுதியில் பந்தெறிவதற்காக 37 வயது லாரி அண்டர்சனை ஹூஸ்டனிடமிருந்து வாங்கியது. அதற்காகக் கொடுத்தது 22 வயது ஜெஃப் பாக்வெல்லை. அண்டர்சன் நன்றாகவே எறிந்தார். 22 இன்னிங்ஸோடு விலகினார். கிண்ணமும் கிடைக்கவில்லை. பாக்வெல்லோ ஹூஸ்டனுக்காக 15 பருவங்கள் ஆடி, 449 ஹோம் ரன் விளாசினார்.

நம் மதீஷ பத்திரணவைப் பாருங்கள். 2022இல் 19 வயதில் மாற்று வீரராக ஐபிஎல்லின் சென்னை அணிக்குள் வந்தார். அடுத்த ஆண்டே பெரும்பாலும் கடைசி ஓவர்களை வீசி 12 ஆட்டங்களில் 19 விக்கெட், கிண்ணம் சென்னைக்கு. கடைசி ஓவர்க்காரனையும் வளர்த்தெடுக்கலாம். பொறுமையுள்ள அணிக்கே அது வாய்க்கும்.