மருந்துக்கும் ஒரு சட்டை உண்டு

"குளிசையை உடைச்சிக் குடுத்தா என்ன? எப்படியும் வயித்துக்குள்ளதானே போகுது?" லயங்களில் இப்படிப் பலர் கேட்கிறார்கள். பதில் சொல்வதற்கு முன், மருந்தின் உறை எத்தனை பெரிய வேலை செய்கிறது என்பதை ஓர் உண்மை வரலாற்றின் மூலம் பார்ப்போம்.

காலா அசார் என்றொரு காய்ச்சல் உண்டு. மணல் ஈ கடித்துப் பரவும். கிருமி கல்லீரலிலும் மண்ணீரலிலும் குடியேறும். வயிறு வீங்கும், உடம்பு மெலியும், இரத்தம் குறையும். வைத்தியம் செய்யாவிட்டால் உயிர் தப்புவது அரிது. அசாம் தேயிலைத் தோட்டங்களில் நம்மைப் போன்ற தொழிலாளர் குடும்பங்களையும் ஒரு காலத்தில் வாட்டிய நோய் இது.

இந்தக் கிருமியைக் கொல்லும் மருந்துகளில் ஒன்று அம்ஃபோடெரிசின் பி. கெட்டிக்கார மருந்துதான். ஆனால் இரத்தத்தில் நேரடியாக ஏற்றினால் குளிரும் நடுக்கமும் வரும். சிறுநீரகத்தையும் பதம் பார்க்கும். அதனால் கொஞ்சம் கொஞ்சமாக, ஒருநாள் விட்டு ஒருநாள், 15 தடவை ஏற்றினார்கள். ஏறக்குறைய ஒரு மாதம் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். ஒரு மாதம் பேர் விழாவிட்டால் குடும்பம் என்ன ஆகும் என்று நமக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

இதற்கு வழி ஒரு சின்னக் குமிழிலிருந்து வந்தது. 1960களின் தொடக்கத்தில், இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜுக்கு அருகே பாப்ரகாம் ஆய்வு நிலையத்தில் அலெக் பாங்ஹாம் என்ற விஞ்ஞானி ஒருவகைக் கொழுப்பைத் தண்ணீரில் கலந்து இலத்திரன் நுணுக்குக்காட்டியில் பார்த்தார். முட்டை மஞ்சட்கருவில் இருக்கும் கொழுப்பு அது. அதன் ஒரு முனை தண்ணீரை விரும்பும். மறு முனை தண்ணீரைக் கண்டால் ஒதுங்கும். ஆகவே அந்தக் கொழுப்பு தானாகவே இரட்டைச் சுவராக அடுக்கி, உருண்டையாக மூடிக்கொண்டது. உள்ளே தண்ணீர் அடங்கிய ஓர் அறை. இதற்கு லிபோசோம் என்று பெயர்.

மருந்தை இந்த அறைக்குள்ளும் அடைக்கலாம், சுவரிலும் பதிக்கலாம். அம்ஃபோடெரிசின் சுவரில் பதியும். ஒரு குமிழ், ஒரு மில்லிமீற்றரைப் பத்தாயிரம் பங்காக்கினால் அதில் ஒரு பங்கிலும் சிறியது. இரத்தத்தில் போகும் குமிழ்களைக் கல்லீரலிலும் மண்ணீரலிலும் உள்ள காவல் கலங்கள் விழுங்கிவிடும். கிருமி ஒளிந்திருப்பதும் அதே கலங்களுக்குள்ளேதான்! மருந்து எதிரியின் வீட்டுக்கே போய்ச் சேருகிறது. சிறுநீரகத்துக்கு வரும் தொல்லை குறைகிறது.

இந்தியாவில் பீகார் மாநிலத்தில் 400க்கு மேற்பட்ட நோயாளரிடம் இதைச் சோதித்தார்கள். முடிவு 2010இல் வெளியானது. குமிழ் மருந்தை ஒரே தடவை ஏற்றியவர்களில் 100க்கு சுமார் 96 பேர் ஆறு மாதம் கழித்தும் சுகமாக இருந்தார்கள். பழைய முறையில் 15 தடவை ஏற்றியவர்களிலும் அதே அளவுதான். மருந்து ஒன்றே, சட்டை மாறியதும் ஒரு மாதம் ஒரு நாளாகச் சுருங்கியது. பங்களாதேஷும் இம்மருந்தைப் பயன்படுத்தியது. 2023இல் காலா அசாரைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இல்லாமல் ஒழித்த முதல் நாடு அதுவே.

இப்போது நம் குளிசைக்கு வருவோம். அதில் இருப்பது இந்தக் குமிழ் அல்ல. ஆனால் பாடம் ஒன்றுதான். சில குளிசைகளின் மேற்பூச்சு, வயிற்றுப் புளிப்பில் மருந்து கெடாமல் குடல் வரை காக்கும். சில குளிசைகள் நாள் முழுக்க மெல்ல மெல்லக் கரையும்படி செய்யப்பட்டவை. அதை அம்மியில் பொடித்தால் ஒரு நாள் மருந்து ஒரேயடியாக உடம்பில் இறங்கும். வயசானவர்களுக்கு அது ஆபத்தாகவும் முடியலாம்.

நினைவில் வைப்போம்:

1. கேட்காமல் குளிசையைப் பொடிக்கவோ கெப்சூலைத் திறக்கவோ வேண்டாம்.

2. பெட்டியில் எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர். என்ற எழுத்துகள் இருந்தால் அது மெல்லக் கரையும் மருந்து. மெல்லவும் கூடாது.

3. தாத்தா, பாட்டி, பிள்ளைகளுக்கு விழுங்க முடியாவிட்டால் மருந்தை நிறுத்திவிடாதீர்கள். "பாணி மருந்து இருக்குதா?" என்று டிஸ்பென்சரியில் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் எதுவும் இல்லை.