தூக்கிய ஜீப்பின் உதறலுக்கு ஆப்பு

பாகூர் ஏரிக்கரையிலும் பத்துக்கண்ணு பக்கத்து வண்டிப்பாதையிலும் அடி தட்டாமல் ஓட்டவேண்டும் என்று பழைய மகிந்திரா ஜீப்பை இரண்டு அங்குலம் தூக்குகிறார்கள். வயல்வெளியில் வண்டி அருமையாகப் போகும். வில்லியனூரைத் தாண்டி விழுப்புரம் சாலையில் அறுபதைத் தொட்டதும் சீட்டுக்கு அடியில் உறுமல் கிளம்பும், கியர் கம்பி நடுங்கும். என்னிடம் கேட்க வருவதற்குள் இரண்டு கிராஸ் மாற்றி, ஷாஃப்டுக்கு பேலன்ஸும் பார்த்து முடித்திருப்பார்கள். கோணத்தை மட்டும் யாரும் அளந்திருக்க மாட்டார்கள்.

எம்.எம். 540, மேஜர், கமாண்டர் போல நாலு பக்கமும் பட்டை வைத்த வண்டிகளை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். 2010இல் வந்த பழைய தாரின் பின் ஆக்சிலுக்கும் இதே கணக்குதான். 2020 தாரில் பின்னால் பட்டை கிடையாது, காயில் ஸ்பிரிங். அதில் ஆப்பு வைக்க இடமே இல்லை.

முதலில் செலவில்லாத வேலைகள். வண்டிக்கு அடியில் படுத்து ஷாஃப்டைக் கழுவுங்கள். நம் ஊர்க் களிமண் ஒரு பக்கமாக அப்பிக் காய்ந்தால் அதுவே பேலன்ஸைக் கெடுத்துவிடும். கழுவும்போது குழாயில் சின்ன எடைத்தகடு விழுந்துபோன வெல்டிங் தடம் தெரிகிறதா என்றும் பாருங்கள். அடுத்து, ஷாஃப்டின் இரு முனை யோக் காதுகளும் ஒரே வரிசையில் நிற்கின்றனவா என்று பார்க்கவேண்டும். கிரீஸ் வைக்க ஸ்லிப் முனையை உருவியவர் ஒரு பல் தள்ளிச் சொருகியிருந்தால், மற்ற எதைச் சரிசெய்தாலும் உதறல் போகாது. உருவுமுன் இரண்டு பக்கமும் பெயின்டால் ஒரு கோடு போடுவது என் பட்டறையில் சட்டம்.

பிறகு ஓட்டிப் பாருங்கள். ஸ்டியரிங் ஆடினால் டயரைப் பாருங்கள். அதே வேகத்தில் ஒரு கியர் குறைத்தும் நடுக்கம் மாறவில்லை என்றால் இன்ஜின்மேல் பழி போடவேண்டாம். மிதிக்கும்போது உறுமி, காலை எடுத்ததும் அடங்கினால் பெரும்பாலும் கோணம். மிதித்தாலும் விட்டாலும் ஒரே மாதிரி இருந்தால் பேலன்ஸ். முன் ஹப்பில் லாக் இல்லாத வண்டியில் முன் ஷாஃப்ட் எப்போதும் சுற்றிக்கொண்டே இருக்கும். அதைக் கழற்றிவிட்டு ஒருமுறை ஓட்டினால் குற்றவாளி முன்னாலா பின்னாலா என்று தெரிந்துவிடும்.

இனிமேல்தான் எல்லாரும் சறுக்கும் இடம்.

கிராஸ் வளைந்த கோணத்தில் சுற்றும்போது, ஒரு சுற்றுக்கு இரண்டு முறை ஷாஃப்டை வேகப்படுத்தி இரண்டு முறை மெதுவாக்கும். மறுமுனைக் கிராஸ் அதே அளவு கோணத்தில் இருந்தால் அந்த ஏற்ற இறக்கத்தை அழித்துவிடும். ஆகவே இரண்டு கோணமும் ஒன்றாக இருக்கவேண்டும்; வித்தியாசம் ஒரு டிகிரிக்குள் நிற்கவேண்டும். பட்டை கூடுதலாகச் சேர்த்துத் தூக்கினால் இரண்டு கோணமும் கிட்டத்தட்ட ஒன்றாகவே ஏறும். நீள ஷாக்கில் போட்டுத் தூக்கினால்தான் வம்பு: பின்பட்டையின் வால் கீழே இறங்கி, ஆக்சில் திரும்பி, பினியன் மூக்கு மேலே பார்க்கும். ஷாக்கில் லிஃப்ட் எனக்குப் பிடிக்காது. இரண்டு அங்குலம் நீட்டினால் வண்டி ஏறுவது ஒரு அங்குலம்தான், அதற்கு இத்தனை தொல்லை.

அளக்கும்போது வண்டி தன் டயர்மேல் நிற்கவேண்டும், வழக்கமான சுமையோடு. ஜாக்கியில் தூக்கி ஆக்சிலைத் தொங்கவிட்டு அளந்தால் வரும் எண்ணைக் குப்பையில் போடலாம். களம் கொஞ்சம் சரிந்திருந்தாலும் பரவாயில்லை. நமக்கு வேண்டியது கோணங்களுக்கு இடையிலான வித்தியாசம். காந்தம் வைத்த கோணமானி நல்லது; போனில் பார்ப்பவர்கள் உறையைக் கழற்றுங்கள். முதலில் ஷாஃப்ட் குழாயின் சரிவை எழுதிக்கொள்ளுங்கள். பிறகு சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துவிட்டு ஷாஃப்டைக் கழற்றுங்கள். ஷாஃப்ட் இறங்கியபின் கியரில் போட்டிருந்தும் வண்டி நகரும். டிரான்ஸ்ஃபரில் ஹேண்ட்பிரேக் உள்ள பழைய ஜீப்பில் அதுவும் பிடிக்காது. அடுத்து டிரான்ஸ்ஃபர் ஃப்ளேஞ்ச், பினியன் ஃப்ளேஞ்ச் இரண்டின் முகத்திலும் அளந்து, செங்குத்திலிருந்து எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று குறியுங்கள்.

ஒரு கணக்கு. டிரான்ஸ்ஃபர் பின்னோக்கி 4 டிகிரி இறங்குகிறது. ஷாஃப்ட் 12. பினியன் மூக்கு 7 டிகிரி மேலே. டிரான்ஸ்ஃபர் பக்கக் கிராஸ் 12இல் 4 போக 8. பினியன் பக்கக் கிராஸ் 12இல் 7 போக 5. மூன்று டிகிரி வித்தியாசம், அதுதான் உறுமுகிறது. மிதிக்கும்போது பட்டை முறுக்கி மூக்கை இன்னும் ஒன்றிரண்டு டிகிரி தூக்கும் என்பதால், நின்றிருக்கும்போது மூக்கு ஒரு டிகிரி தாழ்ந்தே இருக்கட்டும். ஆக, பட்டைக்கும் ஆக்சிலுக்கும் நடுவே 4 டிகிரி ஆப்பு வைத்து மூக்கை இறக்கவேண்டும். பார்வைக்கு ஷாஃப்ட் நேராகத் தெரியட்டும் என்று மூக்கை மேலும் தூக்கிக் கெடுத்த வண்டிகள்தான் அதிகம். மூக்கு ஷாஃப்டையே நேராகப் பார்க்கவேண்டும் என்பது, டிரான்ஸ்ஃபர் முனையில் இரட்டைக் கிராஸ் வைத்த ஷாஃப்டுக்கு மட்டும்.

ஆப்பின் தடித்த பக்கம் எங்கே வரும்? பட்டை ஆக்சிலுக்குக் கீழே இருந்தால், மூக்கை இறக்கத் தடித்த பக்கம் பின்னால். ஏற்ற வேண்டுமானால் முன்னால். பட்டை ஆக்சிலுக்கு மேலே இருந்தால் அப்படியே தலைகீழ். ஆப்பு இரும்பில் இருக்கட்டும், அலுமினியம் நசுங்கும். ஆப்பின் தடிமனுக்கு ஏற்ப சென்டர் போல்ட் நீளமானதாக மாற்றுங்கள். அதன் தலை ஆக்சில் இருக்கையின் குழியில் முழுக்க உட்காராவிட்டால் ஆக்சில் பின்னாளில் நழுவும். யூ போல்ட் புதிது. பழையதை மறுபடி போடும் சிக்கனம் வேண்டாம்.

மாட்டியபின் மறுபடி அளந்து பாருங்கள். கோணங்கள் சமமாகியும் 8, 9 டிகிரியில் நின்றால் உதறல் குறையும், ஆனால் கிராஸ் சீக்கிரம் தேயும். மூன்றுக்குள் இருந்தால் நிம்மதி; குட்டை ஷாஃப்ட் ஜீப்பில் அது நடக்காது. கோணத்தைக் குறைக்க, டிரான்ஸ்ஃபர் தாங்கும் குறுக்குச் சட்டத்துக்கும் சேஸுக்கும் நடுவே துண்டு வைத்து இறக்குவது குறுக்குவழி. ஒரு அங்குலத்துக்கு மேல் போகாதீர்கள்: ஃபேன் உரசும், தூக்கிச் சம்பாதித்த இடைவெளியும் போகும். இறக்கினால் டிரான்ஸ்ஃபரின் சாய்வு மாறும் என்பதால் பினியனையும் புதிதாக அளக்கவேண்டும்.

ஸ்லிப் முனை எவ்வளவு வெளியே வந்திருக்கிறது என்பதையும் பாருங்கள். பல் பிடிப்பு குறைந்திருந்தால் லேத்தில் குழாயை நீட்டிப் போடச் சொல்லுங்கள். பேலன்ஸுக்குப் பணம் கொடுக்கவேண்டியது அப்போதுதான்.

இன்னொன்று. பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்ததற்கு மாறாகிவிடும்படி வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. புதுச்சேரி எல்லை துண்டு துண்டாகக் கிடக்கும் நம் பக்கத்தில் ஒரே ஓட்டத்தில் தமிழ்நாட்டுக்குள் போய்வர நேரும், சோதனையும் இரண்டு பக்கமும் இருக்கும். தூக்குமுன் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

நூறு கிலோமீட்டர் ஓடியதும் யூ போல்ட்டுகளை மறுபடி இறுக்குங்கள். வாய்க்கால் தண்ணீரில் இறங்கி வந்த அன்றே கிராஸுக்கு கிரீஸ் அடித்துவிடுங்கள்.