மாராவின் தண்ணீர்



மாராவின் தண்ணீர் கசந்ததால் ஜனங்கள் குடிக்கவில்லை (யாத். 15). வங்காளதேசத்துக் குழாய்க் கிணறுகள் பலவற்றில் உள்ள ஆர்சனிக் விஷமோ ருசியில் தெரியாது. வருஷக்கணக்கில் குடித்தால் உள்ளங்கை தடிக்கும், புற்றுநோயும் வரலாம்.

2000-ஆம் ஆண்டையொட்டி சுவிட்சர்லாந்து விஞ்ஞானிகள் அங்கே ஒரு எளிய வழியைச் சோதித்தார்கள். அந்தத் தண்ணீரில் இரும்பும் உண்டு. தெளிவான பிளாஸ்டிக் பாட்டிலில் அதை நிரப்பி, சில துளி எலுமிச்சைச் சாறு விட்டு, வெயிலில் வைத்தார்கள். வெயில் படும்போது இரும்பும் சாறும் சேர்ந்து ஆர்சனிக்கின் தன்மையை மாற்ற, அது இரும்புத் துருவில் ஒட்டிக்கொள்கிறது. இரவில் பாட்டிலை நிமிர்த்தி வைத்தால் துரு அடியில் படியும். காலையில் மேல்தண்ணீரை மட்டும் இறுத்துக்கொள்ளலாம்.

ஆனாலும் நீங்கியது சுமார் பாதி முதல் முக்கால் பங்கு விஷம்தான். விஷம் மிகுந்த கிணற்றுக்கு இது போதாது. வேறு கிணறுதான் வேண்டும்.

நம் குடத்தடியில் செந்துருவைக் கண்டு பயப்படாதிருங்கள். நிறத்தைக் கொண்டு ஆர்சனிக்கை அறிய முடியாது, பரிசோதனைதான் சொல்லும்.