அடுப்படிச் சுவருக்கு என்ன நிறம்?

புதுச்சேரியைச் சேர்ந்த பாகூர் பக்கம் ஒரு சிற்றூர். ஏரிப் பாசனம் உள்ள ஊர். நெல் வயல்கள் நிறைய. அந்த ஊரில் ஒரு மாமியாருக்கும் மருமகளுக்கும் சண்டை வந்தது. நகைக்காக வந்த சண்டை இல்லை. நிலத்துக்காக வந்ததும் இல்லை. அடுப்படிச் சுவருக்கு என்ன நிறம் அடிப்பது? அதுதான் சண்டை.

சிரிக்காதீர்கள். முழுவதும் படியுங்கள்.

அது சின்ன அடுப்படி. எட்டடி நீளம், ஏழடி அகலம். கிழக்கே ஒரு சிறிய ஜன்னல். மேடைக்குக் கடப்பாக் கல் போட்டிருந்தார்கள். கறுப்புக் கல். மேடை மேலே கேஸ் அடுப்பு. கீழே விறகு அடுப்பு. கேஸ் வந்தும் விறகை விடவில்லை. சிலிண்டர் சீக்கிரம் தீர்ந்துவிடுமே என்ற பயம். வெந்நீர் போடவும் சோறு பொங்கவும் விறகுதான். அதனால் சுவரெல்லாம் புகைக்கரி. ஒட்டடையும் கறுப்பு. ஒரு காலத்தில் அது நீலச் சுவர் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

கார்த்திகை மாதம். அடைமழை. காலை ஆறு மணி. அத்தைக்கு வயது 65. சோற்றுப் பானையை இறக்கி மேடைமேல் வைத்துக் கஞ்சி வடிக்கப் போனார். பானை கறுப்பு. மேடை கறுப்பு. பின்னால் சுவரும் கறுப்பு. மேடையின் ஓரம் எங்கே முடிகிறது என்று கண்ணுக்குத் தெரியவில்லை. பானையின் பாதி அடி கல்லில் பட்டது. பாதி படவில்லை. பானை சாய்ந்தது. கொதிக்கும் கஞ்சி இடது கையிலும் காலிலும் கொட்டியது.

மருமகள் ஓடி வந்தாள். நல்ல வேலை செய்தாள். மையோ மாவோ தடவவில்லை. பற்பசையும் தடவவில்லை. குழாயைத் திறந்தாள். குளிர்ந்த தண்ணீரில் கையையும் காலையும் இருபது நிமிடம் காட்டச் சொன்னாள். பிறகு சுத்தமான துணியைத் தளர்வாகச் சுற்றி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். புண் ஆற மூன்று வாரம் ஆயிற்று.

மகன் சொன்னான்: “அம்மா, இனிமே நீ அடுப்படிப் பக்கம் வராதே. உட்கார்ந்து சாப்பிடு, போதும்.”

அன்போடுதான் சொன்னான். ஆனால் அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. நாற்பத்தைந்து வருடம் ஆண்ட இடம் அது. இனி வாசற்படியில் உட்கார்ந்து, யாராவது தட்டில் போட்டுத் தந்தால்தான் சாப்பாடா?

பொங்கல் வந்தது. வீட்டுக்கு வெள்ளையடிக்க வேண்டும். அப்போதுதான் சண்டை தொடங்கியது.

மருமகள் சொன்னாள்: “அத்தை, அடுப்படிக்கு மட்டும் காப்பி நிறத்தில் பெயிண்டு அடிச்சிடலாம். இல்லாட்டி கரும்பச்சை. கரி படிஞ்சாலும் தெரியாது.”

அத்தை சொன்னார்: “வேணாம் கண்ணு. சுண்ணாம்பு அடி. எனக்குக் கண்ணே தெரியலை.”

“சுண்ணாம்பு அடிச்சா நாலே நாளில் கறுத்துடும். யார் தேய்க்கிறது? நான் நடவுக்குப் போவேனா, சுவரைத் தேய்ப்பேனா?”

மருமகள் சொன்னதில் தப்பு இல்லை. காலையில் வயலுக்குப் போகிறாள். மதியம் வந்து துணி துவைக்கிறாள். மாலையில் தண்ணீர் பிடிக்கிறாள். இதற்கு மேல் சுவரும் தேய்க்க வேண்டுமா? அடுப்படிச் சுவரைத் தேய்க்க எந்த வீட்டிலும் ஆண்பிள்ளையைக் கூப்பிடுவதில்லை. அதுவும் உண்மைதானே?

எதிர்வீட்டில் ஒரு பெரியம்மா இருந்தார். இருபது வருடமாகக் கட்டட வேலைக்குப் போகிறவர். சித்தாள் வேலை, பூச்சு வேலை, வெள்ளையடிப்பு எல்லாம் தெரியும். சண்டைச் சத்தம் கேட்டு அவர் வந்தார்.

“முதலில் ஒரு சோதனை செய்யலாம். அப்புறம் நிறத்தைப் பேசலாம்” என்றார்.

இந்தப் புத்தகத்தை வைத்தே சோதனை

பெரியம்மா பேரனின் பாடப் புத்தகத்தை வாங்கினார். பகல் பத்து மணி. விளக்கை அணைத்தார். அடுப்படி மேடைமேல் புத்தகத்தை விரித்தார். மருமகளைப் படிக்கச் சொன்னார். அவள் தடுமாறித் தடுமாறிப் படித்தாள். அத்தைக்கு ஓர் எழுத்தும் தெரியவில்லை. அதே புத்தகத்தை வாசல் திண்ணையில் வைத்தார். இருவருமே படித்தார்கள்.

நீங்களும் உங்கள் வீட்டில் செய்து பாருங்கள். இந்தப் பக்கத்தையே மேடையில் வைத்துப் படியுங்கள். எழுத்து தெரியாத இடத்தில் அரிசியில் கிடக்கும் கல்லும் தெரியாது. கீரையில் ஒட்டிய புழுவும் தெரியாது.

ஏன் இப்படி? வெளிச்சம் பந்து மாதிரி. வெள்ளைச் சுவரில் பட்டால் திரும்பி வரும். கறுப்புச் சுவர் அதை விழுங்கிவிடும். 100 பங்கு வெளிச்சம் சுவரில் விழுகிறது என்று வையுங்கள். புது வெள்ளைச் சுவர் ஏறக்குறைய 80 பங்கைத் திருப்பித் தரும். இளமஞ்சள் சுவர் 70 பங்கு தரும். காப்பி நிறமும் கரும்பச்சையும் 10 அல்லது 15 பங்குதான் தரும். கரி படிந்த சுவர் 5 பங்கு தந்தாலே பெரிது. ஜன்னலைப் பெரிதாக்க வேண்டாம். பல்பை மாற்ற வேண்டாம். சுவரை வெளுத்தாலே அடுப்படியில் வெளிச்சம் கூடிவிடும். மின்சாரத்துக்குக் காசு கொடுக்கிறோம். அந்த வெளிச்சத்தைச் சுவர் தின்ன விடலாமா?

வயதான கண்ணுக்கு இது இன்னும் முக்கியம். வயது ஏற ஏறக் கண்ணின் பாவை சுருங்கும். உள்ளே இருக்கும் லென்சும் மஞ்சளித்துப் போகும். இருபது வயதுக் கண்ணுக்குள் போகும் வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்குதான் அறுபது வயதுக் கண்ணுக்குள் போகும். மருமகளுக்குப் போதுமான வெளிச்சம் அத்தைக்குப் போதாது. “எனக்கு நல்லாத்தானே தெரியுது” என்று இளையவர்கள் சொல்வது இதனால்தான். கண்ணில் புரை விழுந்திருந்தால் சுவர் மட்டும் உதவாது. கண் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

அழுக்கு தெரியாமல் இருப்பது நல்லதா?

“கரும்பச்சையில் அழுக்கு தெரியாது என்கிறாயே. அழுக்கு இருக்காதா?” என்று பெரியம்மா கேட்டார்.

மருமகள் பேசவில்லை. அழுக்கு இருக்கும். கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான். எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டும். அதில் தூசி ஒட்டும். கரப்பான் பூச்சிக்கு அது நல்ல தீனி. இருட்டு மூலையில் பகலில் கொசு உட்கார்ந்திருக்கும். வெள்ளைச் சுவரில் ஒரு கரப்பான் ஏறினாலும் பளிச்சென்று தெரியும். பல்லி அடுப்புக்கு மேலே இருந்தால் பாத்திரத்தை மூடிவிடலாம்.

அதற்காக எல்லாமே வெள்ளையாக இருக்க வேண்டியதில்லை. இங்கே பலரும் தவறு செய்கிறார்கள். ஒரு பொருள் கண்ணுக்குத் தெரிய, பொருளும் பின்னணியும் வேறு வேறு நிறமாக இருக்க வேண்டும். அரிசியில் கறுப்புக் கல் பொறுக்க வெள்ளைத் தட்டு நல்லது. வெள்ளைக் கல் பொறுக்கப் பழைய பழுப்பு முறம்தான் நல்லது. கறுப்பு மேடையில் பளபளக்கும் எவர்சில்வர் பாத்திரம் தெரியும். கரி பிடித்த பானை தெரியாது. அன்று அத்தையின் கையில் கஞ்சி கொட்டியது இதனால்தான்.

நிறத்தால் அடுப்படியின் சூடு குறையுமா என்றும் சிலர் கேட்கிறார்கள். உள்சுவரின் நிறத்தால் அவ்வளவாகக் குறையாது. சூடு அடுப்பிலிருந்து வருகிறது. கூரையிலிருந்தும் வருகிறது. சூடு குறைய வேண்டுமானால் மொட்டைமாடிக்கு வெள்ளையடிக்க வேண்டும். வெள்ளைக் கூரை வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும். இதற்காகவே தெலங்கானா அரசு 2023-ஆம் ஆண்டில் குளிர்ந்த கூரைக்கு ஒரு கொள்கை வகுத்தது.

கடைசியில் என்ன செய்தார்கள்?

பெரியம்மா ஒரு வழி சொன்னார். கூரையின் உள்பக்கத்துக்குச் சுண்ணாம்பு. சுவரின் மேல் பாதிக்கும் சுண்ணாம்பு. அங்கே கை படாது, எண்ணெய் தெறிக்காது. வருடம் ஒரு முறை பொங்கலுக்கு அடித்தால் போதும். செலவும் குறைவு. மேடைக்கு மேலே இரண்டு அடி உயரத்துக்கு மட்டும் துடைக்கக்கூடிய எண்ணெய் பெயிண்டு. அதுவும் காப்பி நிறம் வேண்டாம். இளமஞ்சள் போதும். சோறு வடித்த கையோடு ஈரத்துணியால் ஓர் இழுப்பு இழுத்தால் பிசுக்கு போய்விடும். முழுச் சுவரையும் தேய்க்க வேண்டாம்.

“அதையும் ஞாயிற்றுக்கிழமை உன் புருஷன் துடைக்கட்டும்” என்றார் பெரியம்மா. மகன் வேறு பக்கம் பார்த்தான்.

மருமகள் கேட்டாள்: “கரி வந்துக்கிட்டே இருக்குமே, பெரியம்மா?”

நல்ல கேள்வி. புகை வெளியே போகாவிட்டால் எந்த நிறமும் நிற்காது. அதனால் முதலில் விறகு அடுப்பை ஜன்னல் ஓரமாக மாற்றினார்கள். கூரைக்குக் கீழே இரண்டு செங்கல்லை எடுத்துவிட்டுப் புகை போக வழி செய்தார்கள். ஈர விறகை நிறுத்தினார்கள். புகை சுவரைக் கறுப்பாக்குவது கண்ணுக்குத் தெரிகிறது. அதே புகைதானே நெஞ்சுக்குள்ளும் போகிறது! வெந்நீருக்கு மட்டும் விறகு, அதையும் வாசலில் வைத்துக்கொள்ளலாம் என்று பிறகு முடிவு செய்தார்கள்.

இனி வேலை. பழைய கரிமேல் நேராகச் சுண்ணாம்பு அடிக்கக் கூடாது. இரண்டே நாளில் மஞ்சள் மஞ்சளாகக் கறை மேலே வரும். முதலில் காய்ந்த துடைப்பத்தால் கரியைத் தட்டினார்கள். மூக்கில் துணி கட்டிக்கொண்டார்கள். பிறகு சலவை சோடா கரைத்த வெந்நீரால் தேய்த்துக் கழுவினார்கள். ஒரு நாள் காயவிட்டார்கள்.

கிளிஞ்சல் சுண்ணாம்பு வாங்கினார்கள். சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் பட்டால் கொதிக்கும். அதனால் பிளாஸ்டிக் வாளி வேண்டாம். இரும்பு டிரம்மில் முதலில் தண்ணீர் ஊற்றினார்கள். பிறகு சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டார்கள். குழந்தைகளைப் பக்கத்தில் விடவில்லை. சுண்ணாம்பு கண்ணில் தெறித்தால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கண்ணையே கெடுத்துவிடும்.

ஒரு இரவு ஊறவிட்டார்கள். ஒரு கிலோ சுண்ணாம்புக்கு ஐந்து லிட்டர் தண்ணீர் என்று கணக்கு வைத்துக் கரைத்தார்கள். பழைய துணியில் வடிகட்டினார்கள். வெந்நீரில் கரைத்த பசை கொஞ்சம் சேர்த்தார்கள். அப்போதுதான் கையில் ஒட்டாது. துணிக்குப் போடும் நீலமும் ஒரு சிட்டிகை சேர்த்தார்கள்.

முதல் பூச்சு முடிந்தது. மருமகளுக்கு முகம் வாடிவிட்டது. சுவர் சாம்பல் நிறமாக, திட்டுத் திட்டாக இருந்தது. “இதுக்கா இவ்வளவு பாடு?” என்றாள்.

“இரு, காயட்டும்” என்றார் பெரியம்மா.

சுண்ணாம்பு ஈரத்தில் வெளுக்காது. காயும்போதுதான் வெளுக்கும். காற்றில் உள்ள கரியமில வாயுவை இழுத்து அது மறுபடியும் கல்லாக இறுகும். முதல் பூச்சை மேலிருந்து கீழாக அடித்தார்கள். இரண்டாவதைக் குறுக்காக. மூன்றாவது பூச்சு காய்ந்தபோது மாலை ஐந்து மணி. விளக்குப் போடாமலே கடுகு டப்பாவும் மிளகு டப்பாவும் தெரிந்தன.

பெயிண்டு வாங்கும்போது ஒன்றைப் பார்க்க வேண்டும். முன்பெல்லாம் பளிச்சென்ற மஞ்சள், சிவப்புப் பெயிண்டுகளில் ஈயம் அதிகமாக இருந்தது. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். வீட்டுப் பெயிண்டில் பத்து லட்சம் பங்குக்கு 90 பங்குக்கு மேல் ஈயம் கூடாது என்று மத்திய அரசு 2016-இல் விதி செய்தது. 2017 நவம்பர் முதல் அது நடைமுறைக்கு வந்தது. இப்போது உங்களுக்குப் படிக்கத் தெரியும். டப்பாவின் மேல் ஈயம் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். ஆங்கிலமாக இருந்தால் கடைக்காரரைப் படிக்கச் சொல்லுங்கள். பழைய பெயிண்டைச் சுரண்டும்போது ஈரமாக்கிவிட்டுச் சுரண்டுங்கள். தூள் பறக்கக் கூடாது.

பல்பின் இடத்தையும் மாற்றினார்கள். முன்பு அது வாசல் பக்கம் இருந்தது. சமைக்கிறவரின் நிழலே அடுப்பின்மேல் விழுந்தது. இப்போது மேடைக்கு நேர் மேலே வைத்தார்கள்.

ஒரு காரியத்தை அத்தை தானே செய்தார். மீதி இருந்த மஞ்சள் பெயிண்டில் ஒரு விரல் அகலத் துணியை நனைத்தார். கறுப்பு மேடையின் ஓரம் முழுக்க ஒரு கோடு இழுத்தார். கோடு கொஞ்சம் கோணல்தான். ஆனால் மேடை எங்கே முடிகிறது என்று தூரத்திலிருந்தே தெரிந்தது.

மறுநாள் காலை மருமகள் எழுந்து வந்தபோது சோறு வடித்தாகிவிட்டது. பானை கோட்டுக்கு உள்ளே இருந்தது. அத்தை வாசற்படியில் குந்தியிருந்தார். படியின் விளிம்புக்கும் ஒரு மஞ்சள் கோடு இழுத்துக்கொண்டிருந்தார்.