மேசைக் கணிப்பான்

வண்டிப்பெரியாற்றைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களில், பறித்த கொழுந்தை நிறுத்து எடையைப் பதிவேட்டில் எழுதுவர். வரையறுத்த அளவுக்கு மேல் பறித்த கொழுந்துக்குத் தனித்தொகை உண்டு. எடையும் விலையும் பெரும்பாலும் முழு எண்களாக அமைவதில்லை. எனவே, தசமப் பெருக்கல் தவறினால் உழைப்பின் பயன் குறையும். இத்தகைய கணக்குகளை விரைந்து செய்யப் பிறந்ததே மேசைக் கணிப்பான்.

உலகின் முதல் மின்னணு மேசைக் கணிப்பானாகிய 'அனிட்டா' 1961இல் இங்கிலாந்தில் வெளிவந்தது. அதில் ஒவ்வோர் இலக்கத்திற்கும் 1 முதல் 9 வரை தனித்தனி விசை வரிசை இருந்தது. விடை, ஒளிரும் கண்ணாடிக் குழாய்களில் தோன்றியது. 1964இல் ஜப்பானின் ஷார்ப் நிறுவனம் டிரான்சிஸ்டர்களால் இயங்கும் கணிப்பானை வெளியிட்டது. அதன் எடை 25 கிலோ! பின்னர், பத்து எண் விசைகளே போதும் என்னும் வடிவமைப்பு நிலைபெற்றது. 'பிசிகாம்' என்னும் ஜப்பானியக் கணிப்பானுக்காக உருவான இன்டெல் 4004 என்னும் சில்லு 1971இல் விற்பனைக்கு வந்தது. விரல்நகம் அளவுகூட இல்லாத அச்சில்லில் ஏறத்தாழ 2,300 டிரான்சிஸ்டர்கள் அடங்கின.

இந்தியாவிலும் 1970களில் கணிப்பான் வணிகம் வளர்ந்தது. திருச்செந்தூரை அடுத்த மூலைப்பொழியில் பிறந்த சிவ நாடார், நண்பர்களுடன் மைக்ரோகாம்ப் நிறுவனத்தைத் தொடங்கிக் கணிப்பான்களை விற்றார். 1976இல் எச்.சி.எல். நிறுவனம் உருவாக அதுவே முதற்படியாயிற்று.

அலுவலக மேசைக் கணிப்பான்கள் பலவற்றில் இரண்டு சிறு நகர்த்திகள் உண்டு. ஒன்று, விடையில் எத்தனை தசம இடங்கள் வேண்டும் என்பதை வரையறுக்கும். மற்றொன்றின் அருகில் '5/4' என்றும் கீழ்நோக்கிய அம்புக்குறியும் காணப்படும். '5/4' என்பது, நீக்கப்படும் முதல் இலக்கம் 5 அல்லது அதற்கு மேலாயின் கூட்டு, 4 அல்லது அதற்குக் கீழாயின் விடு என்பதாம். கீழ்நோக்கிய அம்புக்குறியோ எஞ்சியதை வெட்டிவிடும்.

எடுத்துக்காட்டாக, 7.35 கிலோவுக்குக் கிலோ ஒன்றுக்கு ரூ.1.45 வீதம் கிடைப்பது ரூ.10.6575. முதல் முறையில் அது ரூ.10.66, இரண்டாம் முறையில் ரூ.10.65. வேறுபாடு ஒரு பைசாவே. ஆயினும் ஆயிரம் பேருக்கு 26 நாள் ஒரு பைசா குறைந்தால், ரூ.260 குறையும். முதல் முறையில் ஏற்றமும் இறக்கமும் பெரும்பாலும் ஈடாகிவிடும். வெட்டும் முறையில் இழப்பு மட்டுமே சேரும். இரண்டிலும் கருவி பிழை செய்யவில்லை. நகர்த்தியை எங்கு வைப்பது என்பதை மனிதரே முடிவு செய்கின்றனர். ஆகவே, கருவி இருப்பினும் கணக்கறிவு வேண்டும்.

சொற்பொருள்
கொழுந்து – தேயிலையின் இளந்தளிர்
இலக்கம் – எண்ணின் உறுப்பு
சில்லு – மின்சுற்றுகள் அடங்கிய சிறு தகடு
ஈடாதல் – சமமாதல்

பயிற்சி
1. 'அனிட்டா'வின் விசைப்பலகை எவ்வாறு அமைந்திருந்தது?
2. '5/4' என்னும் குறியின் பொருளை விளக்குக.
3. கிலோ ரூ.1.45 வீதம் 8.25 கிலோ, 9.15 கிலோ ஆகியவற்றின் தொகையை இரு முறைகளிலும் காண்க. எதில் வேறுபாடு வருகிறது? ஏன்?
4. உம் வீட்டாரின் கூலிச் சீட்டையோ கடைச் சீட்டையோ சரிபார்த்து, கண்டதை ஐந்து வரிகளில் எழுதுக.