முகம் காட்டாத திரை

நுழையும்முன்

திரையில் ஒருவர் அழுதால் அரங்கில் இருப்போர் கண்கலங்குவதும், ஒருவர் இடறி விழுந்தால் அரங்கு சிரிப்பதும் இயல்பு. கதைமாந்தர் அழாமலும் சிரிக்காமலும் நின்றால் காண்போர் எதனை உணர்வர்? மனிதப் படியாக்கத்தைக் கருவாகக் கொண்ட ஓர் அமெரிக்கத் திரைப்படம் இவ்வினாவை எழுப்பியது. அதனைக் கண்டோருள் சிலர் சிரித்தனர், சிலர் சலித்தனர், சிலர் கலங்கினர். ஒரே படம் இவ்வாறு மூவகையாக உணரப்பட்டது ஏன் என்பதை இப்பாடம் ஆராய்கிறது.

இரட்டுற மொழியும் தலைப்பு

ரைலி ஸ்டேர்ன்ஸ் எழுதி இயக்கிய 'டூயல்' என்னும் அறிவியல் புனைவுத் திரைப்படம் 2022ஆம் ஆண்டு வெளிவந்தது. 'இரட்டை' என்பது அவ்வாங்கிலச் சொல்லின் பொருள். அதே ஒலியுடைய மற்றோர் ஆங்கிலச் சொல் இருவர் தம்முள் பொருதும் போரைக் குறிக்கும். எழுத்தில் ஒன்றும் ஒலியில் இரண்டுமாக நிற்கும் இத்தலைப்பிலேயே கதை முழுதும் அடங்கியுள்ளது.

சாரா என்னும் இளம்பெண்ணுக்குத் தீராத நோய் இருப்பதாக மருத்துவர் அறிவிக்கிறார். இறப்போரின் உறவினர் பிரிவால் வருந்தாதிருக்க, அவரைப் போன்றே மற்றொருவரை உருவாக்கித் தரும் நிறுவனம் அக்கதை உலகில் உண்டு. சாராவும் தனக்கொரு நகலைப் பெறுகிறாள். கண்ணின் நிறம் மட்டுமே சற்று வேறுபடுகிறது. தன் விருப்பு வெறுப்புகளையும் பழக்கவழக்கங்களையும் அவளே நகலுக்குக் கற்றுத் தருகிறாள்.

பத்துத் திங்கள் கழிந்தபின் நோய் நீங்கிவிட்டதாகச் செய்தி வருகிறது. அதற்குள் அவளுடைய காதலனும் தாயும் மூலத்தைவிட நகலையே மிகுதியாக விரும்பத் தொடங்கிவிட்டனர். நகலும் தனக்கு வாழும் உரிமை வேண்டும் என்கிறது. இருவரும் பலர் காண உயிர்போகும்வரை பொருதவேண்டும். எஞ்சுபவரே சாரா என்பது அவ்வுலகின் சட்டம். மூலம், நகல் ஆகிய இரு வேடங்களையும் கேரன் கில்லன் என்னும் நடிகையே ஏற்றுள்ளார்.

சிரித்தவரும் சலித்தவரும்

இத்தகைய கதை கண்ணீரும் கூக்குரலுமாக நிறைந்திருக்கும் என்றே எவரும் எதிர்பார்ப்பர். ஆனால் இப்படத்தில் சாவுச்செய்தியும் விற்பனைப்பேச்சும் ஒரே தொனியில் ஒலிக்கின்றன. வங்கிப் படிவத்தை உரக்க வாசிப்பவரைப்போல மாந்தர் அனைவரும் பேசுகின்றனர். நகலுக்கான தொகையைத் தவணையில் செலுத்தலாம். சாரா இறந்தபின் எஞ்சிய தவணைகளை நகலே கட்டவேண்டும் என்பது ஏற்பாடு. போருக்குப் பயிற்சி தரும் ஆசானுக்குக் கொடுக்கப் பணமில்லாத நிலையில், அவருக்கு நடனம் கற்றுத் தந்து சாரா ஈடுசெய்கிறாள். இவற்றுள் எதனையும் நகைச்சுவை என்று படம் அறிவிப்பதில்லை. எவரும் முகம் மாறுவதில்லை.

பார்வையாளர் கருத்துகள் இவ்விடத்தில்தான் பிரிந்தன. சாவையும் தவணைக்கணக்கு ஆக்கிவிடும் உலகை இதைவிடக் கூர்மையாக எள்ளி நகையாட இயலாது என்றனர் சிலர். மூலமும் நகலும் ஒரே வகையாக உயிரற்றுப் பேசினால் வேறுபாட்டை எவ்வாறு உணர்வது, யாருக்காக இரங்குவது என்று குறைகூறினர் வேறு சிலர். மனிதர் ஏற்கெனவே பொறிகளைப்போல் வாழ்வதால்தான் நகல் அவர்தம் இடத்தில் எளிதில் பொருந்திவிடுகிறது. குறையாகத் தோன்றுவதே படத்தின் கருத்து என்று விடையிறுத்தனர் மற்றுஞ் சிலர்.

படம் காணப்பட்ட சூழலையும் கருதவேண்டும். 2022 சனவரியில் சன்டான்ஸ் திரைப்பட விழாவில் இது முதலில் திரையிடப்பட்டது. பெருந்தொற்றுப் பரவலால் அவ்வாண்டு விழா இணையவழியில் நடைபெற்றது. எனவே முதல் பார்வையாளர் பலர் அரங்கில் அன்றித் தத்தம் இல்லங்களில் இருந்தே இதனைக் கண்டனர். அரங்கில் அருகிருப்பவரின் சிரிப்பு, 'இது சிரிக்கத்தக்கது' என்று நமக்கு இசைவளிக்கிறது. தனித்திருப்பவருக்கு அவ்விசைவு கிடைப்பதில்லை. சிரிக்கலாமா கூடாதா என்பதை அவரே முடிவுசெய்ய வேண்டியுள்ளது.

வெற்று முகத்தின் வேலை

தான் சிரிக்காமல் பிறரைச் சிரிக்கவைக்கும் கலை திரையுலகிற்குப் புதிதன்று. பேசாப்படக் காலத்து நடிகர் பஸ்டர் கீட்டன் இதில் தலைசிறந்தவர். சிறுவயதில் பெற்றோருடன் மேடையேறியபோதே, தாம் சிரித்தால் அவை சிரிப்பதில்லை என்பதை அவர் கண்டுகொண்டார். 1928ஆம் ஆண்டு வெளிவந்த 'ஸ்டீம்போட் பில் ஜூனியர்' படத்தில் ஒரு வீட்டின் முன்சுவர் முழுவதும் அவர்மீது சாய்கிறது. திறந்த சாளரம் ஒன்று அவர் நிற்கும் இடத்தில் வந்து பொருந்துவதால் உயிர்பிழைக்கிறார். அப்போதும் அவர் முகம் கலங்குவதில்லை. அச்சத்தை அவர் காட்டாததால் அதனைக் காண்பவரே சுமக்கநேர்கிறது.

சோவியத்துத் திரைக்கலைஞர் லெவ் குலெஷோவ் செய்த சோதனையும் இங்கு நினைக்கத்தக்கது. ஒரு நடிகரின் உணர்ச்சியற்ற முகத்தை அவர் வெவ்வேறு காட்சிகளுடன் இணைத்தார். சூப்புக் கிண்ணத்தை அடுத்து அம்முகத்தைக் கண்டோர் அதில் பசியையும், சவப்பெட்டியை அடுத்துக் கண்டோர் துயரையும் உணர்ந்தனர் என்பர். முகம் மாறவில்லை, கண்டவர் உள்ளமே அதனை நிறைத்தது.

மெய்ப்பாடு கூறும் விடை

உள்ளத்து உணர்வு மெய்யின்கண் வெளிப்படுவதை மெய்ப்பாடு என்கிறது தமிழ் மரபு. நகை, அழுகை முதலாக மெய்ப்பாடு எட்டு என வகுக்கும் தொல்காப்பியம், அவை ஒவ்வொன்றும் பிறக்கும் நிலைக்களன்களையும் நந்நான்காகச் சுட்டுகிறது. எள்ளல், இளமை, பேதைமை, மடன் ஆகியவற்றால் நகை பிறக்கும். இளிவு, இழவு, அசைவு, வறுமை ஆகியவற்றால் அழுகை பிறக்கும்.

இவ்வளவுகோலைக் கொண்டு சாராவை நோக்கலாம். தன்னைக் கொல்லும் சட்டத்திற்கும் வரிசையில் நின்று பணிகின்ற அவளிடம் பேதைமையையும் மடனையும் காண்பவர் நகைக்கின்றனர். பெற்ற தாயாலேயே ஒதுக்கப்படும் இளிவையும், உயிரோடிருந்தும் தன் வாழ்வைப் பறிகொடுக்கும் இழவையும் காண்பவர் கலங்குகின்றனர். சாரா ஒருத்தியே, அவளிடம் காணப்படும் நிலைக்களன்கள் வேறு. மாந்தர் முகத்தில் மெய்ப்பாடு தோன்றியிருந்தால் அது காண்போரை ஒரு பக்கம் அழைத்துச் சென்றிருக்கும். அவ்வழிகாட்டல் இல்லாமையால் ஒவ்வொருவரும் தாம் கண்ட நிலைக்களனுக்கு ஏற்ப உணர்ந்தனர். இரண்டையும் காணாதவர் சலித்தனர்.

அறிவியலும் புனைவும்

1996ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் ராஸ்லின் ஆய்வுநிறுவனத்தில் டாலி என்னும் செம்மறியாடு படியாக்க முறையில் பிறந்தது. 277 முயற்சிகளுள் உயிருடன் பிறந்தது அது ஒன்றே. படத்தில் ஒருமணி நேரத்தில் வளர்ந்த மனிதர் உருவாவது முற்றிலும் புனைவு. படியாக்கத்தில் தோன்றும் உயிரும் கருவாகி, குட்டியாகப் பிறந்தே வளரவேண்டும். மரபுப்பண்புகள் ஒத்திருக்கலாம், பட்டறிவும் நினைவும் படியெடுக்கப்படுவதில்லை. மனிதக் கண்ணியத்திற்கு ஒவ்வாத படியாக்கத்தைத் தடைசெய்யுமாறு 2005ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் பொதுப்பேரவை உறுப்பு நாடுகளைக் கேட்டுக்கொண்டது.

இறுதிக் காட்சி

போர் நிகழவேண்டிய நாளில் களத்திற்கு ஒருத்தியே வருகிறாள். நஞ்சூட்டி மூலத்தைக் கொன்ற நகல், தானே சாரா என்று கூறி வென்றவளாகிறாள். ஆனால் அவள் வென்றது சாராவின் சலிப்பூட்டும் வாழ்வையே. காதலனின் கட்டுப்பாடும் தாயின் ஓயாத அழைப்பும் இப்போது அவளுக்கு உரியவை. சாலைச் சந்திப்பு ஒன்றில் காரை ஓட்டியவாறே அவள் விம்மி அழுகிறாள். அதுவரை சிரித்து வந்தவர்களையும் இக்காட்சி அமைதியாக்கிவிடும் ஆற்றலுடையது.

நம்மைப்போல் நடக்கவும் பேசவும் வல்ல ஒருவர் நம் இடத்தில் அமர்ந்தால், நம்மை நேசிப்போர் வேறுபாட்டை அறிவார்களா? இருக்கும்போதே அன்பை வெளிப்படுத்தாத உறவுகளுக்கு நகலே போதுமானதாகிவிடும் என்று இப்படம் முகம் மாறாமல் எச்சரிக்கிறது. அவ்வெச்சரிக்கையைக் கேட்டுச் சிரிப்பதும் கலங்குவதும், காண்பவர் தம் வாழ்வில் எவரை நினைத்துக்கொண்டார் என்பதைப் பொறுத்தது.

கற்பவை கற்றபின்...

1. நீங்கள் கண்ட திரைப்படக் காட்சி ஒன்றில் பிறர் சிரித்தபோது நீங்கள் வருந்தியதுண்டா? அதற்கான காரணத்தை நகை, அழுகை ஆகியவற்றின் நிலைக்களன்களைக் கொண்டு விளக்குக.

2. 'நகலுக்கும் வாழும் உரிமை உண்டு' என்னும் தலைப்பில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.